இணைய ஏலத்தில் பழைய காரும் பாரம்பரியக் காரும் வாங்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் பழைய கார் தேடுபவர்கள் பலர் இப்போது தரகர்களை விட்டு இணைய ஏலங்களைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். சந்தை விலையைவிடக் குறைவாகக் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு அதற்கு முதல் காரணம். கடையில் காணமுடியாத அம்பாசடர், பத்மினி போன்ற பழங்கார்கள் அங்கே தட்டுப்படும் என்ற ஆசை இரண்டாவது காரணம். எனக்காகவும் உறவினர்கள், நண்பர்களுக்காகவும் பல ஆண்டுகளாக ஏலத்தில் கார் எடுத்து வருபவன் என்ற முறையில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஏலத்துக்கு வரும் கார்கள் எங்கிருந்து வருகின்றன?

பெரும்பாலானவை கடன் தவணை கட்டாததால் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கைப்பற்றியவை. பேச்சுவழக்கில் இவற்றைச் 'சீஸிங் வண்டி' என்கிறோம். அடுத்ததாக வருபவை, விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கியதால் காப்பீட்டு நிறுவனங்கள் முழு இழப்பு என்று கணக்கை முடித்துவிட்ட கார்கள். பழுதுபார்க்கும் செலவு, காப்பீட்டில் குறித்த மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அந்தக் கார் முழு இழப்பாகக் கருதப்படுவது இந்தியாவில் வழக்கம். மூன்றாவது வகை, அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் பயன்பாட்டிலிருந்து கழித்து விற்பவை. 1964-இல் தொடங்கப்பட்ட எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனத்தின் இணையதளத்தில் இத்தகைய ஏலங்கள் நடைபெறுகின்றன. காவல் நிலையங்களில் உரிமை கோரப்படாமல் கிடக்கும் வாகனங்களும், தனியார் நிறுவனங்கள் தங்கள் அலுவலர்களுக்குக் கொடுத்துத் திரும்பப் பெற்ற கார்களும் எஞ்சியவை.

ஏலப் பட்டியலைத் திறந்ததும் காரின் படத்தைப் பார்ப்பதற்கு முன்பாக, விற்பவர் இவர்களில் யார் என்பதைப் பாருங்கள். காரில் என்ன குறை இருக்கக்கூடும், எந்தத் தாள் கிடைக்காமல் போகக்கூடும் என்ற இரண்டையும் அந்த ஒரு விவரத்திலிருந்தே ஓரளவு ஊகித்துவிடலாம்.

'உள்ளது உள்ளபடி, உள்ள இடத்திலேயே' என்ற நிபந்தனைக்கு என்ன பொருள்?

கார் எந்த நிலையில் எங்கே நிற்கிறதோ அப்படியே விற்கப்படுகிறது. எடுத்த பிறகு இன்ஜின் ஓடவில்லை, கியர் பெட்டி போய்விட்டது, ஸ்டெப்னி இல்லை என்று எதைச் சொன்னாலும் விற்றவர் பொறுப்பேற்கமாட்டார் என்று பொருள். பட்டியலில் இருந்த பேட்டரியோ ஸ்டீரியோவோ யார்டில் (ஏலக் கார்களை நிறுத்திவைக்கும் இடத்தில்) காணாமற்போயிருந்தால்கூடப் பல ஏலங்களில் அதைக் கேட்க முடியாது. ஆகவே, நேரில் பார்க்கும் நாளன்று காரைச் சுற்றி வந்து ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எடுத்துச் செல்லும் நாளில் ஏதேனும் குறைந்திருந்தால், யார்டு பொறுப்பாளரிடம் பேசுவதற்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே சான்று அதுதான்.

படங்களைப் பார்த்தே ஏலம் கேட்கலாமா?

கேட்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. ஏலத்துக்கு முன் சில நாட்கள் பார்வையிட அனுமதி உண்டு. அதைத் தவறவிட்டால் அந்தக் காரையே தவறவிடுவது நல்லது. முடிந்தால் பகலில், மழை இல்லாத நாளில், உங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு செல்லுங்கள். யார்டுகளில் காரை ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். பேட்டரி உயிரோடு இருந்தால் ஸ்டார்ட் செய்து காட்டுவார்கள், அவ்வளவுதான். ஆகவே கண்ணாலும் கையாலும் அறியக்கூடியவற்றையே முழுமையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் சேஸி எண். ஆர்.சி.யில் உள்ள எண்ணும் உலோகத்தில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று வெறும் கண்ணால் ஒப்பிட்டால் மட்டும் போதாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் செய்வதைப்போல, எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள். தேய்த்து அழித்து மீண்டும் அடித்த எண்ணாக இருந்தால், எழுத்துகளின் ஆழமும் இடைவெளியும் சீராக இல்லாதது அந்தத் தாளில் தெரிந்துவிடும். சுற்றியுள்ள இடத்தில் வெல்டிங் தடம் இருக்கிறதா என்பதையும் விரலால் தடவி அறியலாம்.

அடுத்தது, உடற்பகுதி. பானெட்டைத் திறந்து, இரு புறமும் ஃபெண்டர்களை (முன் சக்கரங்களுக்கு மேலுள்ள தகடுகளை) பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள். ஸ்பானர் பட்டுப் பெயிண்ட் உரிந்திருந்தால் ஃபெண்டர் ஒருமுறை கழற்றப்பட்டிருக்கிறது. கதவு ரப்பரை விலக்கி, தொழிற்சாலையில் வைத்த புள்ளி வெல்டிங்குகள் வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். டிங்கரிங் செய்து பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) பார்த்த இடத்தில் காந்தம் ஒட்டாது. ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு காரைச் சுற்றி வருவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. பம்பரும் கதவும் மாற்றப்பட்டிருப்பது பெரிய குற்றமல்ல. ஆனால் கூரையைத் தாங்கும் பில்லரிலோ, முன்பக்கச் சட்டத்திலோ வெட்டி ஒட்டிய தடம் இருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் அந்தக் காரை விட்டு விலகிவிடுவேன்.

கிலோமீட்டர் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். 40,000 கிலோமீட்டர் காட்டும் காரில் பிரேக் பெடலின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால், பெடல் சொல்வதை நம்புங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய காரை எப்படிக் கண்டுபிடிப்பது?

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளத்துக்குப் பிறகும் இந்தக் கேள்வி எல்லோருக்கும் முக்கியமாகிவிட்டது. காப்பீட்டு நிறுவனம் 'வெள்ளப் பாதிப்பு' என்று குறித்தே விற்கும் கார் ஒன்றும் மோசடி அல்ல. அதை வாங்கி, கழுவி, உலர்த்தி, மீண்டும் சாதாரணக் காராக வேறொரு ஏலத்தில் நுழைப்பவர்களால்தான் ஆபத்து.

2016-இல் ஒரு யார்டில் நான் பார்த்த செடான் இப்போதும் நினைவில் இருக்கிறது. இருக்கைகளுக்குப் புது உறை, கம்பளத்தில் ஷாம்பு வாசனை, டேஷ்போர்டில் பளபளப்பு; குறை சொல்ல ஒன்றுமில்லாத கார். ஓட்டுநர் இருக்கையின் சீட் பெல்ட்டை மெதுவாக இழுத்து, அது இனி வராது என்ற முனைவரை கொண்டுவந்தபோது, கடைசி ஒரு முழத்தில் காய்ந்த வண்டல் பழுப்புக் கோடாகப் படிந்திருந்தது. அதன் சுருளைப் பிரித்துக் கழுவுவதற்கு யாருக்கும் பொறுமை இருந்திருக்கவில்லை. தண்ணீர் எந்த உயரம்வரை நின்றது என்பதை அந்தக் கோடு சொல்லிவிட்டது.

சீட் பெல்ட்டுடன், இருக்கைத் தண்டவாளங்களின் போல்ட்டுகளில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியின் அடியில் மண், ஃபியூஸ் பெட்டியின் முனைகளில் பச்சைக் களிம்பு, ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு ஆகியவற்றையும் பாருங்கள். இன்ஜின் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கக்கூடும். தண்ணீருக்குள் நின்றபடி இன்ஜினை ஸ்டார்ட் செய்ய முயன்றிருந்தால் இன்ஜினுக்குள் இருக்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கக்கூடும். அந்தச் செலவு சிறிய காரின் விலையில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். புதிய கார்களில் கட்டுப்பாட்டுக் கணினிகளும் வயர் முடிச்சுகளும் காலடிக் கம்பளத்துக்குக் கீழே இருப்பதால், ஓராண்டு கழித்தும் ஒவ்வொன்றாகப் பழுது வெளிவரும்.

சீஸிங் வண்டிக்கு என்னென்ன ஆவணங்கள் கைக்கு வர வேண்டும்?

வங்கியின் விற்பனைக் கடிதம், பணம் பெற்ற ரசீது, கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35, நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்று ஆகியவை அடிப்படை. கடன் வாங்கியவரே காரை ஒப்படைத்திருந்தால் அவரது கையொப்பமிட்ட ஒப்படைப்புக் கடிதமும், உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவையும் கிடைக்கும். அவர் ஒத்துழைக்காத நிலையில் காரைக் கைப்பற்றியிருந்தால், கைப்பற்றுவதற்கு முன்னும் பின்னும் காவல் நிலையத்துக்குக் கொடுத்த தகவல் கடிதங்களின் நகல் இருக்க வேண்டும். மேலும், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-ஆவது பிரிவின்படி, நிதி நிறுவனம் படிவம் 36 மூலம் தன் பெயருக்குப் புதிய பதிவுச் சான்று பெற்று, அதன்பின் உங்களுக்கு மாற்றித்தர வேண்டிவரும். அரசு நடத்தும் அல்லது அரசின் சார்பில் நடக்கும் பொது ஏலத்தில் எடுத்த வாகனத்துக்குப் படிவம் 32 தனியாக இருக்கிறது. காரைக் கையில் பெற்ற 30 நாட்களுக்குள் அதை விண்ணப்பிக்க வேண்டும்.

இதில் நான் பட்ட ஒரு தொல்லையைச் சொல்கிறேன். ஒரு நிதி நிறுவனத்தின் ஏலத்தில் நல்ல நிலையில் இருந்த சிறிய கார் ஒன்றை எடுத்து, முழுத் தொகையையும் மூன்றே நாளில் கட்டினேன். கார் வந்துவிட்டது, தடையில்லாச் சான்று வரவில்லை. 'மேலிடத்தில் இருக்கிறது' என்ற ஒரே பதிலை ஏழு மாதம் கேட்டேன். அதுவரை பெயர் மாற்ற முடியவில்லை, காப்பீட்டை என் பெயருக்கு எடுக்க முடியவில்லை, ஓட்டவும் மனம் துணியவில்லை. வீட்டு வாசலில் உறை போட்டு நிறுத்தியிருந்த அந்தக் காரின் டயர்கள் ஒரே இடத்தில் நின்று தட்டையாகிப் போயின. அதன்பிறகு, ஆவணங்கள் 'தயாராக உள்ளன' என்று பட்டியலில் எழுத்தில் குறிப்பிடாத எந்தக் காருக்கும் நான் விலை கேட்பதில்லை. 'பிறகு வழங்கப்படும்' என்று இருந்தால், எத்தனை நாளில் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பாதுகாத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிலுவைகளை எங்கே சரிபார்ப்பது?

மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்திலும் எம்பரிவாகன் செயலியிலும் பதிவு எண்ணைக் கொடுத்தால் கடன் பதிவு, காப்பீட்டு முடிவு நாள், பதிவு செல்லுபடியாகும் நாள் ஆகியவை தெரியும். இ-சலான் பக்கத்தில் கட்டாத அபராதங்களைப் பார்க்கலாம். அபராதமும் வரியும் வாங்குபவர் தலையில் விழும் என்பதே பெரும்பாலான ஏல நிபந்தனை.

எவ்வளவு விலைவரை கேட்கலாம்?

பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். அதே மாடல், அதே ஆண்டு, நல்ல நிலையில் வெளியே 3,20,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு டயர், பேட்டரிக்கு 26,000; சர்வீஸ், பெல்ட், பிரேக் வேலைக்கு 18,000; காப்பீடு, பெயர் மாற்றம், அபராத நிலுவைக்கு 14,000; லாரியில் ஏற்றிக் கொண்டுவர 7,000; ஏல நிறுவனத்தின் கட்டணம் 10,000; இன்னும் கண்ணுக்குத் தெரியாத பழுதுக்கு 35,000. மொத்தம் 1,10,000 ரூபாய். மிச்சம் 2,10,000. உத்தரவாதம் இல்லாத பொருளை வாங்கும் துணிவுக்காக ஒரு 30,000 ரூபாயாவது உங்கள் கையில் நிற்க வேண்டும். ஆகவே உங்கள் உச்ச வரம்பு 1,80,000. இதைத் தாளில் எழுதி, கணினிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு உட்காருங்கள்.

கேட்கும் விலையில் ஜி.எஸ்.டி. அடங்குமா, தனியா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். பதிவுபெற்ற வணிகர் பழைய காரை விற்கும்போது அவருடைய லாபப் பகுதிமீது 18 விழுக்காடு என்ற விகிதம் 2025 ஜனவரி 16 முதல் நடைமுறையில் உள்ளது. தனிநபர் தம் சொந்தக் காரை விற்றால் இந்த வரி இல்லை.

ஏல நாளில் என்ன நடக்கும்?

முன்வைப்புத் தொகை கட்டியவர்களுக்கே உள்நுழைய அனுமதி. குறித்த நேரம் முடியும் தறுவாயில் யாராவது விலையை உயர்த்தினால், பல தளங்களில் நேரம் தானாகவே சில நிமிடங்கள் நீளும். அது திரும்பத் திரும்ப நீண்டுகொண்டே போகலாம். கடைசி விநாடியில் கேட்டு வென்றுவிடலாம் என்ற உத்தி அங்கே பலிக்காது. மனிதர்கள் தவறு செய்வதும் இந்த நீட்டிப்பு நிமிடங்களில்தான். ஒவ்வொரு முறையும் '2,000 ரூபாய்தானே' என்று தோன்றும். பத்து முறை தோன்றினால் 20,000 ரூபாய்.

அதிக விலை கேட்டவர் நீங்கள்தான் என்று திரை காட்டினாலும் கார் உங்களுடையதாகிவிடாது. விற்பவரின் ஒப்புதல் வேண்டும். அது சில நாட்கள் ஆகலாம், மறுக்கப்படவும் கூடும். ஒப்புதல் வந்தபின் குறித்த நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் முன்வைப்புத் தொகை பறிபோகும். காரை எடுக்கத் தாமதித்தால் யார்டு வாடகை நாள் கணக்கில் ஏறும்.

வேறு மாநிலப் பதிவு எண் உள்ள கார் மலிவாக இருக்கிறது. எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் அந்த மலிவுக்குப் பின்னால் இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரி இருக்கிறது. பழைய பதிவு அலுவலகத்தின் தடையில்லாச் சான்று படிவம் 28 வழியாக வர வேண்டும். அதை விற்பவர் வாங்கித் தருவாரா, நீங்களே டெல்லிக்கும் பெங்களூருக்கும் அலைய வேண்டுமா என்பது முடிவாகாமல் விலை கேட்க வேண்டாம்.

பெயர் மாறுவதற்கு முன் காரை ஓட்டினால் என்ன?

விபத்து இழப்பீட்டு வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே பெயர் மாறாத காரால் விபத்து நேர்ந்தால், காருடன் எந்தத் தொடர்பும் இல்லாத முந்தைய உரிமையாளர் நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும். காப்பீடு காலாவதியாகியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். காப்பீடு இல்லாத காரை யார்டிலிருந்து வீட்டுக்குக்கூட ஓட்டிவராதீர்கள், லாரியில் ஏற்றுங்கள்.

அரசுத் துறை ஏலத்தில் அம்பாசடர் கிடைக்குமா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பதில் சொல்ல வருத்தமாகவும் இருக்கிறது. மத்திய, மாநில அரசுகள், உள்ளாட்சி அமைப்புகள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றுக்குச் சொந்தமான வாகனங்களின் பதிவு 15 ஆண்டு முடிந்தவுடன் காலாவதியாகிவிடும், புதுப்பிக்கவும் முடியாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அப்படிப்பட்ட கார்கள் பதிவுபெற்ற உடைப்பு மையங்களுக்கே போக வேண்டும். மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றுபோனது. எனவே சாலையில் ஓட்டத்தக்க அரசு அம்பாசடர் ஏலத்துக்கு வரும் காலம் முடியும் தறுவாயில் இருக்கிறது. ஆட்சியர் அலுவலக வாசலில் வெள்ளை நிறத்தில் நின்ற அந்தக் கார்தான் வேண்டும் என்பவர்கள், தனியார் பெயரில் பதிவான அம்பாசடரையே தேட வேண்டும்.

50 ஆண்டு கடந்த கார்களுக்குத் தனி விதி இருக்கிறதாமே?

ஆம். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பாரம்பரிய வாகனங்களுக்கான பகுதி சேர்க்கப்பட்டது. 50 ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவம் பெரிதாக மாற்றப்படாத கார்களும் இரு சக்கர வாகனங்களும் இதில் அடங்கும். புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய்; 10 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும்; மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புதிய எண்ணில் மாநில எழுத்துகளுக்குப் பிறகு 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான கார் தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே இவற்றைச் சாலையில் எடுக்கலாம். தினமும் அலுவலகத்துக்கு ஓட்டிச் செல்ல முடியாது.

15 முதல் 50 ஆண்டுவரையுள்ள கார்கள் வழக்கமான முறைப்படி 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்கான மத்தியக் கட்டணம் 2022 ஏப்ரலில் காருக்கு 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. பழைய காரின் ஏல விலைக்கு மேல் இதையும், தமிழ்நாட்டின் பசுமை வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று எழுத்தில் தொடங்கும் பழைய எண் உள்ள கார்கள் சில இன்னும் கணினிப் பதிவேட்டில் ஏற்றப்படாமல் இருக்கும். அந்த வேலையை அலுவலகத்தில் முடிக்காமல் பெயர் மாற்றம் நகராது.

பழங்காரில் எதைப் பார்க்க வேண்டும்?

துருவை. இன்ஜினைத் திரும்பக் கட்டிவிடலாம். அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினையும் பத்மினியின் 1089 சிசி இன்ஜினையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சேர்க்கும் மூத்த மெக்கானிக்குகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் இவ்விரு கார்களுக்கும் தனியாக அடிச்சட்டம் (சேஸி) கிடையாது, உடலே எலும்பு. ஆகவே கதவுக்குக் கீழுள்ள பெட்டிப்பகுதி, காலடித் தகடு, பின் பட்டைவில் (லீஃப் ஸ்பிரிங்) தொங்கும் இடம் மூன்றிலும் ஸ்க்ரூடிரைவரின் பின்புறத்தால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் இரும்பு. 'டொப்' என்றால் பட்டி.

சென்னையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதற்கு விலக்கு. அதில் தனி அடிச்சட்டத்தின்மேல் உடற்பகுதி போல்ட் போட்டு அமர்ந்திருக்கும். மேலே பளபளப்பாகத் தெரிந்தாலும் காரின் அடியில் படுத்து, சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் அரித்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

உதிரிபாகம் கிடைக்குமா என்று அஞ்ச வேண்டாம். சென்னை ஜி.பி. சாலையிலும் புதுப்பேட்டையிலும் அம்பாசடருக்குத் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைக்காதவை சிறுசிறு அலங்காரப் பொருட்கள்தாம்: கிரில், குரோமியப் பட்டை, கதவுக் கைப்பிடி, பின்விளக்குக் கண்ணாடி. இவை முழுமையாக இருக்கும் காருக்கு இன்ஜின் ஓடாவிட்டாலும் நான் கூடுதலாகக் கேட்பேன்.

மோசடி ஏலத்தை எப்படி அறிவது?

வங்கியின் பெயரில் ஏலம் என்றால், வங்கியின் சொந்த இணையதளத்தில் அந்த ஏல நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். முன்வைப்புத் தொகையைத் தனிநபர் கணக்குக்கோ கைப்பேசி எண்ணுக்கோ அனுப்பச் சொன்னால் அது ஏலம் அல்ல. ராணுவ வீரர் இடமாற்றம் ஆகிறார், காரைப் பார்சலில் அனுப்புகிறார் என்ற கதை பழையது, இன்றும் ஏமாறுகிறார்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்; எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு உண்டு.

கார் வீட்டுக்கு வந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

சாவியைத் திருகாதீர்கள். பல மாதமோ ஆண்டுக்கணக்கிலோ நின்ற காரில் பெட்ரோல் பிசினாகியிருக்கும், சிலிண்டர் சுவர்கள் வறண்டிருக்கும். டாங்கைக் காலி செய்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் சிறிது ஆயில் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் பிளக்குகளைப் போடாமலே இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுற்றினால்தான் ஸ்டார்ட்டருக்கு வேலை. இப்போது வரும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை இளக்கிவிடுவதால், பழங்காரில் எரிபொருள் குழாய்கள் எல்லாவற்றையும் முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். பிரேக் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர்களும் அப்படியே. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். பட்டன் (தரையில் படும் பகுதியின் பள்ளங்கள்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும், அத்தனை பழைய டயரில் நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம்.